காலனி வழியாகப் போகாத வேன்

தேவராஜ் அண்ணன் செத்துப்போன அன்றும் நம் கம்பெனி வேன் அவர் வீட்டைத் தவிர்த்துத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனை பார்க்க வந்தவர்களைத் திருப்போரூர் ஆபீஸ் வாசலில் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். "கஸ்டமர அனுப்பிட்டு சாயந்தரம் போலாம்" என்றார் மேனேஜர். சைட்டில் நின்றபோது காலனிப் பக்கமிருந்து சாவு மேளம் கேட்டது. படூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அது என்ன சத்தம் என்று கேட்டார். "பக்கத்துல ஏதோ திருவிழா மேடம்" என்றார் நம்மில் ஒருவர். அவர் பெயரை எழுத மாட்டேன். நாம் யாரும் மறுக்கவில்லை. ஆகவே அது நாம் எல்லோரும் சொன்ன பொய்.

அண்ணன் அடக்கமான மனிதர் என்று இரங்கல் போஸ்டரில் போட்டிருக்கிறார்கள். அதுவும் பொய். கறுப்புக் கண்ணாடி, தூரத்திலேயே வந்துவிடும் சென்ட் வாசனை, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும் குரல். நம் கம்பெனியில் அவரளவுக்கு மனை விற்றவர் கிடையாது. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலங்கள்தான் இன்று நாம் கல் நட்டு விற்பவை. அதையே சொல்லி விற்பார். "எங்கம்மா கால் வெச்ச சேறு சார் இது. தண்ணி சக்கரயாட்டம் இருக்கும்."

மெயின் ரோட்டிலிருந்து சைட்டுக்கு நேர்வழி, அவர் குடியிருந்த காலனித் தெரு. அதைப் பார்த்தால் வாங்க வந்தவர்களின் முகம் மாறும். ஏரிக்கரை வழியாக வேனைச் சுற்றிவிடும் யோசனையைச் சொன்னது அவரேதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொன்னார்: "நெலம் விக்காது தம்பி. போற வழிதான் விக்கும்." கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நான் உள்ளூர் விவசாயக் குடும்பம். எங்கள் ஆட்கள் காலங்காலமாக அந்தத் தெருவைச் சுற்றிப் போனவர்கள். கம்பெனி அதற்கு ஏசி வேன் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதிகம் விற்றவர்களைக் கம்பெனி கப்பலில் கூட்டிப்போனது உங்களுக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஒரு பகல் திருகோணமலையில் இறங்கினோம். கடற்கரைக்குப் போக பஸ் தயாராக நின்றது. தேவராஜ் அண்ணன் வழக்கம்போல டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் எதிரே கடல் தெரிந்தது. பஸ் கடலுக்குப் போகாமல் இடப்பக்கம் திரும்பித் தென்னந்தோப்பைச் சுற்றியது.

"இன்னா தம்பி, நேரா பூட்டா வந்துடும்ல?"

"அங்கால பாக்க ஒண்டுமில்லை அண்ணே. சும்மா ஆக்கள் இருக்கிற இடம்."

"எந்த ஆளுங்கோ?"

"நாங்கள்தான்" என்றார் டிரைவர்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வூடு அங்கதான் இருக்குதா?"

"ஓம்."

"நிறுத்து. உன் வூட்ட பாத்துட்டுப் போலாம்."

பின்னாலிருந்து நாம் கத்தினோம். "இன்னா அண்ணாத்த, இங்கயும் பிளாட் போடப் போறியா?" பஸ்ஸே சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. "நிப்பாட்டேலாது அண்ணே, கொம்பனியில ஏசுவாங்கள்" என்றார்.

கடற்கரையில் நாம் முட்டியளவுத் தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மாமல்லபுரத்தில் இல்லாத கடல் அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் ஷூவைக்கூடக் கழற்றாமல் பஸ் நிழலில் நின்றார். கூப்பிடப் போன என்னிடம் சொன்னார்: "அவன் மூஞ்சிய பாத்தியாடா? தன் வூட்ட தானே மறைச்சு ஓட்றான். நானும் வேன்ல இதே மூஞ்சோடதான ஒக்காந்துகினு இருந்திருப்பேன். ஒருத்தனும் சொல்லலியேடா எனக்கு." கப்பலுக்கு நேரமாகிறது என்றேன்.

திரும்பி வந்த முதல் ஞாயிறே வேனைக் காலனிக்குள் விடச் சொன்னார். தன் வீட்டு வாசலில் நிறுத்தினார். "இது நம்ம வூடு சார். எறங்குங்க, நாஸ்தா ரெடி." அவர் மனைவி இட்லிப் பானையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். குழந்தை ஒன்றுதான் இறங்கப் பார்த்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அந்த வேனில் வந்த யாரும் மனை வாங்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே செய்தார். நம் கமிஷன் கைவிட்டுப் போனது. மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னோம். கம்பெனிக்குத் தானாகத் தெரிந்துவிடவில்லை நண்பர்களே, நாம்தான் போய்ச் சொன்னோம். அவரை வேனிலிருந்து இறக்கி ஆபீசில் போன் எடுக்க உட்காரவைத்தார்கள். மதியச் சாப்பாட்டை அவர் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். சாகும்வரை அப்படித்தான்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது வேனின் முன் இருக்கை. அவரை இறக்கிய இடத்தில் என்னை ஏற்றினார்கள். ஞாயிறுதோறும் ஏரிக்கரைத் திருப்பத்தில் டிரைவர் வேகத்தைக் குறைக்கும்போது கண்ணாடியில் என் முகம் தெரிகிறது. அதைப் பார்க்க முடியவில்லை.

நேற்று ஆபீசில் இரங்கல் கூட்டம் வைத்தோம். கப்பலில் எடுத்த படத்துக்கு மாலை. கம்பெனியின் தூண் சாய்ந்தது என்றெல்லாம் பேசினார்கள். என் முறை வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன்: "வர ஞாயிறுலேருந்து வேன் அவர் தெரு வழியா போகணும். எவன் வாங்கறானோ வாங்கட்டும். சரின்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

மேனேஜர் படத்திலிருந்த மாலையைச் சரிசெய்தார். நீங்கள் எல்லோரும் போனைப் பார்த்தீர்கள். வேன் டிரைவர் மட்டும் கையில் சாவியோடு, எந்த வழி என்று யாராவது சொல்வார்கள் என்பதுபோல, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.