கயிறு விழாத இடம்

1996-இல் சகாயசெல்வியின் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, அவன் அண்ணன் ராயப்பன் வீட்டைப் பாகம் பிரிக்க ஆள் கூப்பிட்டான். கேட்டீர்களா அநியாயத்தை! பூசைக்கு ஏற்றிய மெழுகுவத்திகூட அணையவில்லை.

கிளியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் வீடு பிரிப்பதென்றால் கயிறு போடுவதுதான். சுவருக்குச் சுவர் தரையில் கயிறு போட்டு, எந்தப் பக்கம் யாருக்கென்று ஊர்ப் பெரியவர் சொல்வார். சபையில் சொன்ன வார்த்தையை அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அன்றைக்குப் பெரியவர் மாசிலாமணி. பேருக்குக் கயிறு போட்டார்கள். இந்தப் பக்கமும் ராயப்பனுக்கு, அந்தப் பக்கமும் ராயப்பனுக்கு. பிள்ளை இல்லாதவளுக்கு எதற்குப் பங்கு, காணையில் அவள் தம்பி வீடு இருக்கிறது, அங்கே போகட்டும் என்று முடித்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரி நான். சபையில் நானும் நின்றேன்.

செல்வி அழவில்லை. திண்டிவனத்தில் என்னோடு, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்டரிங் வேலைக்கு வருகிறவள் அவள். அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"கயிறு தரையிலதான போட்டீங்க? மேல யாருக்குன்னு சொல்லலியே."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல இன்னா கீது? காத்துதான் கீது. நீயே எடுத்துக்கோ போ."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல?" என்றாள் செல்வி. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

உயரமான நாட்டு ஓட்டு வீடு அது. சுவரின் தலைக்கு மேலே, நடு முகட்டின் கீழே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மறு வாரமே சவுக்குக் கம்பங்கள் வந்து இறங்கின. சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டு, தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் பார்த்தாள். மேஸ்திரி கழித்துப்போட்ட சென்டரிங் பலகைகளை அதன்மேல் இழைத்து அடித்தாள். தெருப்பக்கச் சுவரின் முக்கோணத்தை உடைத்து வாசல் வைத்து, வெளியிலிருந்தே ஏணி சாத்தினாள். ராயப்பனின் தரையை அவள் மிதிக்கவே வேண்டாம் பாருங்கள்.

ராயப்பன் குதித்தான். "சுவரு என்னுது! அதும்மேல கம்பம் வெக்க நீ யாரு?"

"கயிறு சுவருக்கு உள்ளதான் மாமா வுழுந்துது. சுவரு எங்க மாமனாரு வெச்சது."

அவள் மேலே ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான், வெட்கங்கெட்டவன். செல்வி இன்னும் ஓங்கி அடித்தாள். "ஏணிய எடுத்துட்டா நா வேலய வுட்டுடுவேன்னு நெனச்சிக்கினியா?" என்று மேலிருந்து கத்தினாள். பக்கெட்டில் கயிறு கட்டி நான்தான் சோறும் சாமானும் ஏற்றினேன். ஓட்டின் சூடு இறங்காமல் உள்ளே பனம்பாய் அடித்து, சுவருக்கு நீலச் சுண்ணாம்பு பூசிய பிறகுதான் கயிற்றைப் பிடித்து இறங்கினாள். நேராக ராயப்பனின் தோட்டத்துக்குப் போய் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். வேண்டுமென்றேதான் போடுவாள்.

ராயப்பன் மட்டும் அதை வீடு என்று ஒருநாளும் சொல்லவில்லை. யாராவது செல்வியைத் தேடி வந்தால், "எங்க பரணுல கெடக்குது பாரு" என்பான். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சிவந்துபோகும்.

2005 மழையில் ஏரி உடைத்துக்கொண்டது. என் குடிசை போயிற்று. செல்வி என்னை முதலில் ஏற்றிக்கொண்டாள். அப்புறம் ராயப்பன் குடும்பத்தோடு இடுப்பளவுத் தண்ணீரில் ஏணியடிக்கு வந்து நின்றான். பிள்ளைகளைக் கை நீட்டித் தூக்கினாள். அவன் பெண்டாட்டியையும் தூக்கினாள். அவன் ஏணியில் கால் வைத்ததும் வாசலை மறித்து நின்றாள்.

"நில்லு மாமா. இது யாரு வூடு?"

"இன்னாமே, இந்த நேரத்துல பேஜாரு பண்ணிக்கினு..."

"யாரு வூடு?"

மாதா கோயில் மாடியில் ஒதுங்கியிருந்த தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாசிலாமணியும்தான்.

"உன் வூடு."

"அவுங்களுக்குக் கேக்கல."

"சகாயசெல்வி வூடு!" என்று கத்தினான் ராயப்பன்.

அவள் கையை நீட்டினாள்.

"ஜல்தி ஏறு. காலத் தொடச்சிக்கினு வா, பலகை ஊறிடும்."