அம்மா அழாத முதல் அத்தியாயம்

போன வாரம் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. 'நாவல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலேயே வாசகரை அழவையுங்கள்.' சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். "யாரும்மா, யாருக்கு என்ன?" என்று மகள் பதறினாள். யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒரு பழைய கோபம். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ். புதுத்துணியின் கஞ்சி வாசம் பட்டால் இன்றைக்கும் எனக்குச் சேலை நினைவு வராது, நாவல் நினைவுதான் வரும். கடை மாடியில் ஞாயிறுதோறும் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடந்தது. நடத்தியவர் மதுரையிலிருந்து வருவார். எங்களுக்கு அவர் 'சார்'.

முதல் நாளே கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். அடிவாரத்தில் கதை தொடங்கும், பிரச்சினை ஏறிக்கொண்டே போகும், உச்சியில் மோதல், அப்புறம் இறக்கம். எங்கள் கரிசல் காட்டில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. இருந்தாலும் பில் தாள்களின் பின்பக்கமெல்லாம் மலையாக வரைந்து தள்ளி முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். நாங்கள் எழுதிப்போன தொடக்கங்களில் பாதிக்குமேல் சூரியன் உதித்தது. என்னுடையதில் இரண்டு முறை உதித்தது. "சூரியனுக்கு என்னங்க பிரச்சினை? ஒரு ஆளக் காட்டுங்க. அந்த ஆளுக்கு என்ன வேணும், யார் தடுக்கிறா, அதச் சொல்லுங்க" என்றார் சார். நல்ல பாடம். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொத்தமல்லிக் காடுதான் மனதில் வந்தது. அம்மா கூலிக்கு மல்லிச்செடி பிடுங்கப் போனவள். எத்தனை முறை கழுவினாலும் அவள் கையில் அந்த மணம் இருக்கும். ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது, மல்லியை மடியில் ஒளித்துக் கொண்டுபோகிறாள் என்று காட்டுக்காரர் அம்மாவை மட்டும் நிறுத்தி, "மடிய அவுத்து உதறிக் காட்டிட்டுப் போ" என்றிருக்கிறார். அம்மா உதறவில்லை. "நாளைக்கு ஒங்க வீட்டு ஆளுகள வச்சே பிடுங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கூட வேலை செய்த பெண்கள் அத்தனை பேரும் பின்னாலேயே நடந்தார்கள். மறுநாளும் யாரும் போகவில்லை. பாதி மல்லி செடியிலேயே காய்ந்து கொட்டியது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்தப் பெண்கள் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதை என் நாவலின் தொடக்கமாக எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் எழுதிய கதைகளைத் தொகுத்து அச்சிடும் மலரில் போடுவதாகச் சார் வாங்கிக்கொண்டார். மலர் வந்த அன்று பக்கத்து வீட்டுச் செல்வி அதை வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் செல்வியின் குரல் தடுமாறியது. அச்சில் என் அம்மா காட்டுக்காரர் காலில் விழுந்து, 'சாமி, பிள்ளகுட்டிக்காரி, மன்னிச்சிருங்க' என்று கதறிக்கொண்டிருந்தாள். கீழே என் பெயர்.

"நான் யாரு கால்லடி விழுந்தேன்?"

"நான் எழுதலம்மா. அவரு மாத்திட்டாரு."

"அப்ப அவரையே கேப்போம். கெளம்பு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே போய் நின்றாள். சார் பொறுமையாக மலையைக் காட்டி விளக்கினார். "கதைக்கு அது தேவைம்மா. ஆரம்பத்துலயே வாசகருக்கு ஒங்க மேல இரக்கம் வரணும். வந்தாத்தான் கூட நடந்து வருவாங்க."

"எரக்கம் வேணும்னு ஒங்கள யாரு கேட்டா? அன்னைக்கு எங்கூட நடந்தவளுக எரக்கப்பட்டா நடந்தாளுக? கோவத்துல நடந்தாளுக!"

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. "அடுத்த மலர்ல திருத்தம் போட்டுர்றேன்" என்றார்.

"இதப் படிச்சவுக வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்லுவீகளா?"

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவோடு படியிறங்கியவள் அந்த வகுப்புக்குத் திரும்பப் போகவில்லை. அடுத்த மலர் வரவேயில்லை.

நாவலை முடிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. பெண்கள் காட்டைவிட்டு நடப்பதில்தான் அது தொடங்குகிறது. புத்தகமாக வந்தபோது அம்மா இல்லை. மதுரையில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பழைய மலரில் இந்தத் தாய் காலில் விழுகிறாளே, இரண்டில் எது நிஜம்?" என்று கேட்டார். இதுதான் நிஜம் என்று கத்தினேன். அவர் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த மல்லிக்காட்டில் இப்போது கம்பிவேலிக்குள் வரிசை வரிசையாகச் சோலார் தகடுகள். அன்று அம்மாவோடு நடந்தவர்களில் கடைசியாக இருந்த ராக்கம்மா அத்தையும் போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள். அம்மா அழவில்லை என்று, கண்ணால் பார்த்தவளாகச் சொல்ல இனி ஊரில் ஒருத்தி இல்லை.