ஈரம் காய்வதற்குள்

எங்கள் பக்கத்தில் ஆற்றில் மிதந்து போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். குண்டாறு அப்படி. வருஷத்தில் பெரும்பகுதி அது சீமைக்கருவேலம் முளைத்த மணல்காடு. ஐப்பசி கார்த்திகையில் மேற்கே நல்ல மழை அடித்தால் சில நாள் தண்ணீர் ஓடும். ஓடாத வருஷமும் உண்டு. அந்த ஆற்றில் திருச்சுழியில் இறங்கி, மூன்று நாள் மிதந்து, ராத்திரி கரையில் கூடாரம் போட்டுத் தூங்கி, கமுதி வரைக்கும் போக வேண்டும் என்று என் அக்கா ஆசைப்பட்டாள்.

அறுபதைத் தொட்டவள். பரளச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில், மாமா இறந்த பிறகு தனியாளாக மானாவாரி வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் புனேயில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மார்கழி பிறந்ததும் அம்மா அங்கேயே வந்துவிட வேண்டும், இனித் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அவன் முடிவாகச் சொல்லிவிட்டான். அக்காவும் சரி என்றாள். நிலத்தைப் பயிரோடு பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒப்படைப்பதாகப் பேச்சு. அதற்கு அப்புறம்தான் இந்த ஆற்று ஆசை முளைத்தது.

போனில் எதையோ பார்த்திருக்கிறாள். ஏதோ ஒரு மலை நாட்டில் குடும்பம் குடும்பமாக ரப்பர் படகில் நாள் கணக்கில் மிதந்து போகிறார்கள், கரையில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஏலே, நீ டயர் கடைதான வச்சிருக்க. லாரி டியூப்பு கிடைக்காதா?”

“கிடைக்கும். ஆறு எங்கக்கா கிடைக்கும்?”

“வரும். நான் போறதுக்குள்ள ஒரு தடவ வரும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறந்ததும் வாக்கப்பட்டதும் இந்தக் கரிசலில்தான். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள்தான், ஆனால் ஓடுகிற தண்ணீரில் உடம்பை விட்டது கிடையாது. “தண்ணி நம்மளத் தூக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்லே” என்றாள். அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

புரட்டாசி முழுக்க எங்களுக்கு இதே வேலை. அருப்புக்கோட்டையில் என் கடைக்கு வந்த பழைய டியூப்புகளில் நல்லதாகப் பார்த்து ஒட்டுப்போட்டு, காற்றடித்து, அவளுடைய கிணற்றில் மிதக்கவிட்டுப் பார்த்தோம். மேலே மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினேன். நான் கட்டிய முடிச்சையெல்லாம் அவள் அவிழ்த்துவிட்டு, வைக்கோல் பாரம் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். கூடாரத்துக்குத் தார்ப்பாய் வாங்க வீரசோழன் போனோம். கடைக்கார பாய் எதற்கு என்று கேட்டார். அக்கா ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “எந்த ஆத்துலம்மா?” என்று கேட்டார். குண்டாறு என்றதும் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு முழம் கூடுதலாகவே வெட்டிக் கொடுத்தார்.

கம்பு மாவு, கருவாடு, புளிக்காய்ச்சல், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் ஒரு டிரம்மில் ஏறின. கடைசியில் பெரிய தண்ணீர்க் கேனையும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆற்றில் போகிறவர்கள் கேனில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன்.

“ஆத்த நம்பி எவன்டா போவான்?” என்றாள்.

ஐப்பசி வெறுமனே போனது. தூறலோடு சரி. அவள் தினமும் போன் செய்து மேற்கே மழையா என்று கேட்பாள். இல்லை என்பேன். அந்த மாதம் அவளுடைய குரலைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கார்த்திகை பாதியில்தான் விடாமல் அடித்தது. ஆறு வந்துவிட்டது. முதலில் கரை தொட்டுச் செம்மண் வெள்ளமாக ஓடியதால் யாரையும் பக்கத்தில் விடவில்லை. பிறகு மழை வெறித்து வானம் வெளுத்தது. திருச்சுழியில் டீக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் அதிகாலையில் கூப்பிட்டான்.

“மாப்ள, தணிஞ்சுருச்சு. இடுப்பளவுக்கு அழகா ஓடுது. வாரதுன்னா இன்னைக்கே வா.”

கடையைச் சாத்திவிட்டு லோடு ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காட்டுக்குப் போனால், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் நிற்கிறாள். இடுப்பில் யூரியாப் பெட்டி.

மானாவாரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் உரம் போடுவதற்கு என்று தனியாக நாள் கிடையாது. மழை பெய்து, மண்ணில் கால் வைக்க முடிகிற அளவு சுண்டி, ஈரம் காய்வதற்கு முன்னால் போட்டாக வேண்டும். அதை விட்டால் அடுத்த மழைக்குத்தான். அடுத்த மழை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. குண்டாறு மிதக்கத் தோதாக ஓடுகிற நாளும் அதே நாள்தான். இத்தனை நாள் ஆயத்தம் செய்தோமே, இது எங்கள் ரெண்டு பேர் மூளையிலும் உறைக்கவே இல்லை.

“அக்கா, ஆறு வந்துருச்சு. கிளம்பு.”

“தெரியும்லே. இதப் போட்டுட்டு வாரேன்.”

“எப்ப?”

“ஆள் யாரும் கிடைக்கல. எல்லாரும் அவுக அவுக காட்டுல நிக்காக. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவேன்.”

நான் கத்தினேன். இந்தப் பயிரை நீயா அறுக்கப் போகிறாய், மார்கழியில் நீ புனேயில் இருப்பாய், எவரோ அறுக்கப்போகிற சோளத்துக்கு நீ எதற்குச் சாக வேண்டும் என்று கேட்டேன். என் சத்தம் கேட்டு, அந்த நிலத்தை வாங்கிக்கொள்ளப் போகிறவரே வரப்புக்கு வந்துவிட்டார். “நீங்க போங்க மதினி, நான் பாத்துக்கிறேன்” என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய கையிலும் யூரியாப் பெட்டி இருந்தது.

“உன் காட்டைப் போட்டு முடிக்கவே உனக்கு நாளைக்கு ஆயிரும். அதுக்குள்ள இங்க காஞ்சுரும்” என்று அவரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “பயிர ஈரத்துல விட்டுட்டுப் போக எனக்குக் கால் வரலடா” என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஆறு அவளுக்கு வேண்டாமல் இல்லை. அது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன்.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு நானும் ஒரு பெட்டியைத் தூக்கினேன். என் பங்கு நிலத்தை அக்காவுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு டவுனுக்குப் போனவன் நான். உரம் தூவிப் பல வருஷம் ஆகியிருந்தது. தூருக்குப் பக்கத்தில் போடு, குருத்தில் விழாமல் போடு என்று அவள் என்னை ஏசிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மத்தியானத்தில் முடியவில்லை, பொழுது சாய்கிறபோதுதான் முடிந்தது.

அதற்கு மறுநாள் விடிந்ததும் திருச்சுழிக்குப் போனோம். ஆறு ரெண்டு மூன்று கோடாகப் பிரிந்து, நடுவில் மணல் திட்டுகள் எழும்பிவிட்டன. ஆழமான கோட்டில் தெப்பத்தை இறக்கி அவளை உட்காரவைத்தேன். கொஞ்ச தூரம் நன்றாகவே போனது. அவள் ரெண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்புறம் டியூப் தரை தட்டியது. தள்ளினேன். மறுபடி தட்டியது. இழுத்து, தள்ளி, இழுத்து, எனக்கு மூச்சு வாங்கியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“விட்டுரு” என்றாள். “இந்த மட்டுக்கும் தூக்குச்சுல்ல.”

கணுக்கால் தண்ணீரில் அந்தத் தெப்பத்தின் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கிண்டல் செய்யவில்லை, ஆற்றையும் திட்டவில்லை. வெயில் ஏறிய பிறகு அவளாகவே எழுந்து, சேலையைப் பிழிந்துகொண்டு கரையேறினாள். மார்கழி பிறந்ததும் மதுரையில் ரயில் ஏற்றிவிட்டேன். அந்தச் சோளம் நல்ல விளைச்சல் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னாலும் எனக்கு அது சந்தோஷமாக இல்லை. இன்றுவரை இல்லை.

இந்தக் கார்த்திகையில் மறுபடியும் ஆறு வந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. டிவியில் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள். பின்னால் பேத்தி அழுகிற சத்தம் கேட்டது.

“ஏலே, ஆறு வந்துருச்சாமே. டியூப்பு எல்லாம் வீட்லதான கிடக்கு? நீயாவது போகலயா?”

அவள் இல்லாமல் அந்த ஆற்றில் நான் எப்படி இறங்குவேன்?

“இல்லக்கா. காட்டுல வேலை கிடக்கு. ஈரம் காயுறதுக்குள்ள உரம் போடணும்” என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் காடு ஏது? ஒரு சென்ட் கூடக் கிடையாது. அது அவளுக்குத் தெரியாதா?

“அப்பச் சரி” என்றாள் அக்கா. “அத மொதல்ல பாரு.”