ஒரு வீடு குறைந்த காலை

சைகோனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியை, விற்றுத் தீர்ந்த பிறகும் கட்டியவர்களே நிர்வகித்து வந்தார்கள். லிஃப்ட் நிற்கும். போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். பன்னிரண்டாம் மாடிச் சி (அக்கா என்பதற்கு இந்த ஊர்ச் சொல்) தன் கணவரை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். லிஃப்ட் நின்ற நாட்களில் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குவோம். படிக்குப் படி அவர் மூச்சு என் கழுத்தில் சூடாக விழும்.

அந்த ஞாயிறு, கீழ்த்தள வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். பாதி வீடுகள் பதிவானால் குடியிருப்போர் குழுவைத் தேர்ந்தெடுத்துக் கட்டடத்தின் சாவிகளை வாங்கிவிடலாம். பதினோரு மணிக்குப் பதிவு முடியும். தவறினால் மறுபடி எத்தனை மாதமோ. சி பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். சரியாகப் பாதி. அப்போதுதான் கட்டியவர்களின் மேலாளர் ஒரு தாளைத் தனியே உருவினார்.

என் பக்கத்து வீட்டுக் காரைக்குடிக்காரர் வுங் டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தார். அவர் சார்பில் நான் வாக்களிக்க அவர் கையெழுத்திட்ட கடிதம் அது. எழுதியவன் நான். கை போன போக்கில், தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். படிவத்தில் இல்லாத குறி, ஏதோ ரகசிய அடையாளம், செல்லாது என்றார் மேலாளர்.

ஒரு வீடு குறைந்தது. மணி பத்து நாற்பது. வார்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியிடம், நீங்கள் ஊதுபத்தி ஏற்றிவிட்டுக் கடை திறப்பதில்லையா, அதுபோலத்தான் என்றேன். என் வியட்நாமிய மொழி தடுக்கித் தடுக்கி விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. உரியவரே வீடியோவில் வந்து சொல்லட்டும் என்றார்.

காரைக்குடிக்காரரை அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. சி என்னைப் பார்க்காமல் என் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை, வியர்த்த முகமொன்று திரையை நிறைத்தது.

"என்ன தம்பி, செயிச்சாச்சா?"

"அண்ணே, சுழி போட்டது தப்புங்கிறாக. லெட்டர் உங்களதுதான்னு சொல்லுங்க."

"அதுல என்னய்யா தப்பு? போடலைன்னா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

அதையே வியட்நாமிய மொழியில் சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டினார். அதிகாரி பட்டியலில் ஒரு கோடு கிழித்து அந்த வீட்டையும் சேர்த்துக்கொண்டார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்.

வாக்கெடுப்பு முடிந்து குழு அமைந்ததும் மேலாளர் சாவிக்கொத்தை மேசையில் போட்டார். யார் கையிலும் கொடுக்கவில்லை. லிஃப்ட் இயந்திர அறைச் சாவியைச் சி பிரித்தெடுத்தார். விடிந்தால் ஆஸ்பத்திரி. லிஃப்ட்டோ இரண்டாம் மாடியில் செத்துக் கிடந்தது. இனி யாரையும் கேட்க வேண்டாம் இல்லையா என்று எங்களிடம் கேட்டுவிட்டு, மெக்கானிக்கைப் போனில் அழைத்து அதட்டிக்கொண்டே படியேறினார். நாலாம் மாடி வரை அந்தக் குரல் கேட்டது.