பேரம்பலம் அண்ணை எண்ணெய் விடவேண்டாம் என்ற கதவு

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேரம்பலம் அண்ணை காலமான செய்தி தொலைபேசியில் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், குசினிக் கதவைப் பூட்டிக் கதிரையால் முண்டும் கொடுத்தேன்.

காரணம், வார இதழில் அவர் எழுதிவந்த மர்மத் தொடர். அதில் வரும் பகிடிக்காரனை உங்களுக்குத் தெரியும்: அரை மொட்டை, மணியில்லாத சைக்கிள், ஊரார் வீட்டுக் கதையெல்லாம் வாயில். அது நான்தான் என்று உடுப்பிட்டி முழுக்கப் பீற்றித் திரிந்தவனும் நானே. கடைசியாய் வந்த இதழில் அவன் தனியே தேநீர் போடுகிறான். முதுகுக்குப் பின்னால் குசினிக் கதவு கீச்சிடுகிறது. ‘தொடரும்’ என்று போட்டுவிட்டு அண்ணை போய்விட்டார்.

அந்தக் கதவும் என்னுடையதுதான். ஒருநாள் பிளேன்ரீ குடிக்க வந்தவர், அதை ஏழெட்டுத் தரம் திறந்து சாத்தினார்.

“உதுக்கு எண்ணெய் விட்டிடாதை தம்பி. உந்தச் சத்தம் எனக்கு வேணும்.”

“என்னைக் கொல்லப் போறியளோ அண்ணை?”

“பகிடி விடுறவன்தான் முதலிலை சாகவேணும். சனம் சிரிச்சுக்கொண்டிருக்கேக்கைதான் பயம் உள்ளை வரும்.” என் முகத்தைக் கொஞ்சநேரம் அளந்தார். “ஆனா சனத்துக்கு அவனிலை விருப்பம் இருக்கவேணும். இல்லாட்டிக் கொலை வீண்.”

போரும் சாவும் இவ்வளவு கண்ட ஊரில் இன்னும் ஏன் பயத்தை எழுதுகிறீர்கள் என்று பிறகொருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“வீட்டுப் படலையிலை வாகனம் நிண்டால் இப்பவும் விளக்கை அணைச்சுப்போடுவன். அந்தப் பயத்துக்கு முடிவில்லை. கதையிலை முடிவை நான் வைப்பன்.”

அந்த முடிவைத்தான் வைக்காமல் போனார். செத்தவீட்டில் அவர் மனைவியிடம் மெல்லக் குனிந்தேன்.

“அக்கா, அடுத்த அத்தியாயம் எழுதி வைச்சவரோ?”

“உதுவோ இப்ப உமக்குக் கவலை?”

திட்டினாலும், எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவர் கதை எழுதும் கொப்பியைக் கையில் தந்தார். அதில் இருந்ததைக் கடைசியில் சொல்கிறேன்; அண்ணையும் அப்படித்தான் செய்வார்.

அவர் எனக்கு மிச்சம் விட்டது அந்தக் கீச்சொலி. கதவுக்கு இன்னும் எண்ணெய் விடவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகு சில்லிடும். பின்னால் அண்ணை நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பிப் பார்ப்பதில்லை.

கொப்பியில் இருந்தது இவ்வளவுதான்: ‘கதவைத் தள்ளியது பூனை. பகிடிக்காரனை விட்டுவிடலாம். சனத்துக்கு அவனில் விருப்பம் வரவில்லை.’