இப்போது யாருடைய கட்லெட்?

சென்ற மாதம் சென்னையில் மகள் வீட்டிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் இறங்க வேண்டியவன், ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிவிட்டேன். "கட்லெட், கட்லெட், சூடா கட்லெட்" என்று ஒருவர் காதருகே கூவிக்கொண்டு போனபோதுதான் விழிப்பு வந்தது. வெளியே பார்த்தால் விழுப்புரம் வந்துகொண்டிருக்கிறது. பதறி எழ வேண்டியவன் அப்படிச் செய்யவில்லை. என் முறை வந்துவிட்டதென்று கை தானாக மடியைத் துழாவியது. மடியில் கிளாரினெட் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம்தான் இருந்தது.

கட்லெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

திண்டிவனத்தில் என் மாமா ஒரு பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாணமோ, சாமி ஊர்வலமோ, சாவோ, எல்லாவற்றுக்கும் அதே சிவப்புச் சட்டை, அதே பித்தளைப் பொத்தான். கல்லூரி முடிக்கும்வரை நான் அதில் கிளாரினெட் ஊதினேன். எல்லாரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஊதுவோம். அதில் ஒரு சௌகரியம், யார் தப்பாக ஊதினாலும் வெளியே தெரியாது. சௌகரியம் இல்லாத ஒன்றும் உண்டு. நான் வராத நாளிலும் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தபால்களைப் பிரித்து முத்திரை குத்துகிற வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். திண்டிவனம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அம்மா போன பிறகு அங்கே போனால் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளிதான். அண்ணி காபி கொடுத்துவிட்டு, "எப்ப கெளம்பறீங்க?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, அரிசி களையும் முன் தெரிந்துகொள்ளத்தான். எனக்குத்தான் சாப்பாடு இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலேயே கிடந்தேன். மெஸ்ஸும் அன்று மாலை மூடியிருக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் பொழுது சாயும். ஒருமுறை என் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பெட்டிக்கடையில் போய் வாழைப்பழம் என்ன விலை என்று கேட்டேன். பழம் வேண்டியிருக்கவில்லை.

அப்படியொரு சாயங்காலம் ரயில்வே காலனி வழியாக நடந்துகொண்டிருந்தேன். புதுச்சேரி வண்டியின் கரிப்புகை வேப்ப மரங்களுக்கு இடையில் தங்கியிருந்தது. அதையும் மீறி வெங்காயமும் புதினாவும் எண்ணெயில் பொரிகிற வாசனை. வாசனை வந்த வீட்டிலிருந்தே பியானோவும் வந்தது. தாளம் இடறி விழப் போவதுபோல் போய், விழாமல் சமாளித்து நின்றது. நான் அந்த வீட்டு வாசலருகே நின்றுவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மாமாவின் செட்டில் முகூர்த்த நாட்களில் சைடு டிரம் அடிக்க வருகிற ஏழுமலை அண்ணன். அவருக்கு வேலை இங்கே வேகன் ஷெட்டில் என்பது எனக்குத் தெரியாது.

"தம்பி, நீ திண்டிவனம் செட்டுல ஊதற புள்ள தான? இன்னாத்துக்கு வெளிய நின்னுக்கினு கீற? உள்ள வா. இது ஜாஸு."

ஜாஸ் என்பது அந்த வீட்டுக்காரர் பெயர் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் சொல்லத் தயாராக உள்ளே போனேன்.

வீடு டெரிக் சாருடையது. கூட்ஸ் வண்டியில் கார்டு. கிடார் வாசிப்பார். பியானோவில் இருந்தது அவர் தங்கை ஐரின் மிஸ், கான்வென்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஞாயிறுதோறும் மூன்று பேரும் கூடி வாசிப்பார்கள். கேட்க ஆள் கிடையாது, ஆள் வேண்டும் என்றும் அவர்கள் நினைத்ததில்லை. ஏழுமலை அண்ணன் துடைப்பத்து ஈர்க்குகளைக் கட்டிவைத்து டிரம்மின்மேல் தடவுவார். மழைக்காலத்தில் பியானோவின் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பாது. தாளத்தை விடாமலே ஒரு கையால் அவற்றைத் தூக்கி விடுவதும் அவர் பொறுப்பு.

ஜாஸ் என்பது அவர்கள் வாசித்த மேல்நாட்டு இசையின் பெயர். அதன் முறை இதுதான்: முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அதே பாட்டின் நீளத்துக்கு, தன் மனதுக்கு வந்ததை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் அடக்கி வாசித்துத் தாங்கிக்கொள்வார்கள். கடைசியில் மறுபடி எல்லாரும் சேர்ந்து வந்து முடிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு கிளாரினெட்டோடு போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மிஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "டேக் இட், மேன்!" என்றார். பியானோமேல், என் மூக்குக்கு நேரே, ஒரு தட்டு நிறையக் கட்லெட். வாசிப்புக்கு நடுவே என்ன உபசாரம் இது என்று தோன்றியது. மறுத்தால் மரியாதை இல்லையே என்று ஒன்றை எடுத்துக்கொண்டு தேங்க்ஸ் மிஸ் என்றும் சொன்னேன்.

டெரிக் சார் சிரிப்பு தாங்காமல் கிடாரின்மேல் கவிழ்ந்துவிட்டார். ஐரின் மிஸ் மட்டும் விரலை நிறுத்தாமல், "ஜல்தியா சாப்பிடு மேன், ஒன் சான்ஸு போய்க்கினு இருக்கு" என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னது வாசிக்கிற முறையை என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தனி முறைக்குக் கட்லெட் என்று பெயராகிவிட்டது. "இப்ப யார் கட்லெட்?", "இன்னிக்கு ஏழுமலை கட்லெட்டு சூப்பர் மேன்." என் அசட்டுத்தனம் ஒன்று நான்கு பேருக்குப் பொதுச் சொல்லானதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கட்லெட்டை விழுங்கிவிட்டு அன்று நான் வாசித்தது, மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கும்போது எங்கள் செட் ஊதுகிற ஒரு துண்டு. பயத்தில் வேறு எதுவும் வரவில்லை. ஐரின் மிஸ் அதை அப்படியே பியானோவில் வாங்கி, திருப்பிப் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் அதை வளைத்து ஊதினேன். டிரம் தணிந்தது, கிடார் ஒதுங்கி நின்றது. மூன்று பேர் எனக்காக இடம் விட்டுக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டு கிளாரினெட் ஊத முடியாது, எச்சில்தான் வரும். அதனால் அடக்கிக்கொண்டேன்.

மூன்று நான்கு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு டெரிக் சாருக்கு ஆஸ்திரேலியா போக வழி கிடைத்தது. காலனியில் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். அவர் போன அடுத்த ஞாயிறு, அவர் முறை வந்ததும் நான் கிளாரினெட்டைத் தூக்கினேன்.

"நோ, மேன். அது டெரிக் கட்லெட். யாரும் தொடக் கூடாது" என்றார் மிஸ்.

டெரிக் சாரின் நீளம் முழுவதும் ஏழுமலை அண்ணனின் ஈர்க்கு மட்டும் மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. அதன்பின் அதுவே எங்கள் வழக்கமாயிற்று. அடுத்த வருஷம் ஏழுமலை அண்ணனையும் திருச்சிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். "இன்னா பேஜாரு பாரு தம்பி, அங்க போய் யாரு கூட வாசிக்கறது?" என்று டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இரண்டு பேருடைய முறைகள் காலியாக ஓடின. நானும் மிஸ்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருப்போம். நடுவில் ஏதாவது எஞ்சின் கூவினால், "டெரிக்குக்கு இன்னிக்கு மூடு வந்துடுச்சு, மேன்" என்பார்.

"நான் எங்கயும் போ மாட்டேன், மேன். எனக்குக் குளிரு ஆவாது" என்றும் சொல்வார். நான் அதை அப்படியே நம்பினேன். நம்புவதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்?

எண்பத்தேழோ எட்டோ, டெரிக் சாரிடமிருந்து மிஸ்ஸுக்கும் அழைப்பு வந்துவிட்டது. கடைசி ஞாயிறு மிஸ் சாமான்களையெல்லாம் கட்டிவைத்திருந்தார். பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தார், மறுநாள் வண்டி வரும். கட்லெட் பொரிக்கச் சட்டிகூட வெளியே இல்லை. பாட்டை எடுத்தோம். மிஸ் தன் முறையை வாசித்தார். டெரிக் சாருக்கு இடம் விட்டோம். ஏழுமலை அண்ணனுக்கு விட்டோம். பிறகு என் முறை.

நான் முடித்தால் இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். சேர்ந்து வாசித்தால் பாட்டு முடிந்துவிடும். அதனால் நான் முடிக்கவில்லை. என் நீளம் தீர்ந்ததும் மறுபடி தொடங்கினேன். அது தீர்ந்ததும் இன்னொரு முறை. போகாதீர்கள் என்று வாயால் கேட்கத் தைரியம் இல்லாதவன் வேறெப்படிக் கேட்பான்? ஐரின் மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. சளைக்காமல் என்னைத் தாங்கிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியபோதுதான், "போதும்பா, நெஞ்சு வலிக்கும்" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் என்னை மேன் என்று சொல்லவில்லை.

சேர்ந்து முடித்தோம். அவர் பியானோ மூடியைச் சாத்தினார்.

சென்ற மாதம் தூங்கிப்போய் விழுப்புரத்தில் இறங்கியதால் காலனிப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த வரிசை வீடுகளே இல்லை. கரி எஞ்சினும் குறுகிய தண்டவாளமும் எப்போதோ போய்விட்டன. வேப்ப மரங்கள் நின்ற இடத்தில் பைக்குகளை நிறுத்தியிருந்தார்கள். நின்று பார்க்க எதுவும் இல்லை. பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தேன்.

மனைவி காலமாகி இரண்டு வருஷமாகிறது. ஞாயிறு சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து இன்னும் வாசிக்கிறேன். கீழே குடியிருக்கிற பெண் ஒருநாள், "ஏன் சார் நடுவுல ரொம்ப நேரம் நிறுத்திடறீங்க? மூச்சு வாங்குதா?" என்று அக்கறையாகக் கேட்டாள். ஆமாம்மா, வயசாகிவிட்டது என்றேன். மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. அது மிஸ்ஸின் முறை, டெரிக் சாரின் முறை, ஏழுமலை அண்ணனின் முறை. அவர்களுக்கு இடம் விடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. காலால் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தால் என் முறையும் வந்துவிடும். அதற்குப் பிறகு, கடைசியில், எல்லாரும் சேர்ந்து நுழைய வேண்டிய இடம் ஒன்று வருகிறதே, அங்கேதான் ஒவ்வொரு ஞாயிறும் நான் நின்றுவிடுகிறேன்.