ஆம்பூரில் ஒரு பிரெஞ்சு மேஜை

வீட்டிலே பிரெஞ்சுச் சாப்பாட்டு விடுதி நடத்துகிறவளை அடுப்பைவிட, மேஜையில் உட்காருகிறவர்களின் வாய்தான் அதிகம் சுடும். வீட்டுக்காரர் அழைத்து வந்தவர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டு அலுத்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கான்வென்டில் எனக்கு வாய் ஜாஸ்தி என்று பிரெஞ்சு மதர்கள் தண்டனையாகச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்டனைதான் இப்போது எங்கள் முன்கூடத்தில் நாலு மேஜை, வெள்ளை விரிப்பு, முள்கரண்டி என்று நிற்கிறது. பூட்ஸோடும் வரலாம், வெறுங்காலோடும் வரலாம். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் மானேஜராக இருந்த தோல் கம்பெனிக்கு ஆர்டரே இல்லை. பிரான்சிலிருந்து தோல் வாங்க வந்திருந்த துரை மூன்று நாளில் ஆர்டர் கொடுக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான். மூன்று நாளும் அவருக்குச் சாப்பாடு என்னிடம். பிரெஞ்சு தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

சூப்போடு எழுந்தவர்

முதல் நாள் துரையோடு கம்பெனி முதலாளி சாயபுவும் வந்தார். பிரெஞ்சு முறையில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். சூப் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மீனோடு திரும்புகிறேன், சாயபு எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னாம்மா, வீட்ல கஷ்டமா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு தேக்சா பிரியாணி அனுப்பியிருப்பேனே!"

கோழிக்கு வந்த புளிப்பு

மறுநாள் கோழி. முறைப்படி அதில் ஒயின் ஊற்ற வேண்டும். சாயபு சாப்பிடுகிற மேஜையில் ஒயினா? புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். துரை ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், இது என்ன புளிப்பு என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது; புளி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. துரை தட்டை என் பக்கம் நகர்த்தினார்:

"எங்க அம்மா காதுக்கு மட்டும் இது போகக் கூடாது, மதாம். இன்னும் கொஞ்சம் போடுங்க."

மேஸ்திரியின் தீர்ப்பு

துரைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முன்பு வேறெங்கோ வாங்கிய முதல் ரகக் கட்டுக்குள் மட்டமான தோல் கலந்திருந்ததாம். அதனால் தோலைத் தரம் பிரிக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றார். கடைசி நாள் மத்தியானம் முனுசாமி மேஸ்திரி சலவை வேட்டியில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

முட்டையும் மாவும் கலந்து மெல்லிசாக வார்த்த இனிப்புத் தோசையை வைத்தேன். மேஸ்திரி அதை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் ஓரமெல்லாம் தடவினார். முப்பது வருஷமாகத் தோல் பார்த்த பழக்கம்!

"ரெண்டாம் ரகம்மா. நடுவுல சுத்தம். ஓரத்துல மூணு ஓட்டை, ஒரு கத்தி வெட்டு."

என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். "பிரமாதம்னு சொல்லித் தொலைடி" என்று வீட்டுக்காரர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். மிதித்தால் எனக்குக் கோபம் வரும். ஓட்டை, வெட்டு எல்லாவற்றையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். துரை ஆர்டர் தாளை இழுத்து வைத்துப் பேனாவை எடுத்தார்:

"சோறு போடற அம்மா எதிர்லயே ரெண்டாம் ரகம்னு சொல்றவர், தோல்ல எனக்குப் பொய் சொல்லமாட்டார்."

கம்பெனி பிழைத்தது, வேலை போகாமல் தப்பித்த அத்தனை குடும்பமும் மேஸ்திரியை வாழ்த்துகிறது, என் கைப்பக்குவம் மட்டும் இந்த ஊரில் இன்றுவரை ரெண்டாம் ரகம்.